பழைய ரேஸ் கார் வாங்கும்போது என்ஜினைக் கடைசியில் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கோயம்புத்தூரில் வேலை. கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சொந்த ஸ்விஃப்டைச் சில தடவை ஓட்டிப் பார்த்து ருசி கண்டுவிட்டீர்கள். இப்போது ஒருவர் ரேஸுக்கென்றே கட்டிய பழைய மாருதி எஸ்டீமை நாலரை லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். "என்ஜின் புதுசாகக் கட்டியது, அப்படியே கொண்டுபோய் கிரிட்டில் நிறுத்தலாம்" என்பது அவர் பேச்சு. கிரிட் என்றால் பந்தயம் கிளம்பும் வரிசை. என்ஜினில் எதையெல்லாம் பார்க்க வேண்டும், விலை நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியவை வேறு இரண்டு என்று நினைக்கிறேன். இந்தக் கார் உருண்டால் உள்ளே இருக்கும் நீங்கள் முழுசாக வெளியே வருவீர்களா? வாங்கிய பிறகு கையில் மிஞ்சும் பணத்தில் ஒரு சீசன் ஓட்ட முடியுமா? இந்த இரண்டுக்கும் என்ஜினில் பதில் இல்லை.

என் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரேஸ் கார் கட்டும் வொர்க்ஷாப்பில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பந்தயத்துக்கு முன்னால் நடக்கும் ஸ்க்ரூட்டினியில் காரைக் காட்டும் பக்கமும் நின்றிருக்கிறேன், காரைச் சோதிக்கும் பக்கமும் நின்றிருக்கிறேன். எனக்குக் கை பழகியது எஸ்டீம், ஸ்விஃப்ட், ஹோண்டா சிட்டி மாதிரி கூரை உள்ள கார்கள்தான். கூரை இல்லாத, சக்கரங்கள் வெளியே தெரியும் ஃபார்முலா கார்களைப் பற்றிச் சொல்வதை ஒரு படி குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எஸ்டீமை நான் நேரில் பார்க்கவில்லை என்பதால், எந்த எஸ்டீமுக்கும் பொருந்துவதை மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

என்ஜினைக் கடைசியில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எஸ்டீமில் இருப்பது சுசுகியின் ஜி13 குடும்பத்து 1298 சிசி என்ஜின். ஜிப்சியிலும் இதே குடும்பம்தான். இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் சென்னையிலும் கோவையிலும் இன்னும் இருக்கின்றன. ரிங், பேரிங், வால்வு வேலை எல்லாம் செய்து முடிக்க என்ன ஆகும் என்று இரண்டு இடத்தில் விசாரித்தால் ஒரு தொகை கிடைத்துவிடும். ஆக, என்ஜினில் ஏமாந்தால் நஷ்டத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. ஷெல்லிலும் (காரின் வெறும் பாடி), ரோல் கேஜிலும் (கார் உருண்டால் ஆளைக் காக்க உள்ளே போடும் குழாய்க் கூண்டு) ஏமாந்தால் அந்த எல்லை கிடையாது. முறுக்கிப்போன ஷெல்லை மாற்றுவது என்றால் காரை முதலிலிருந்து கட்ட வேண்டும். எஸ்டீம் உற்பத்தி 2007ல் நின்றுவிட்டது. துரு பிடிக்காத, அடிபடாத எஸ்டீம் பாடி கிடைப்பது ஒவ்வொரு வருடமும் கஷ்டமாகிக்கொண்டே போகிறது.

அதனால் எடுத்ததுமே பானெட்டைத் திறக்காதீர்கள். முதலில் காருக்குள் ஏறி, பின் சீட் இருந்த இடத்தில் உட்காருங்கள். டிரைவர் தலைக்குப் பின்னால் போகிற பெரிய வளைவுதான் மெயின் ஹூப். அது மேலே மற்ற குழாய்களோடு சேரும் இடத்தில் கூரைத் தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் நுழைவதே கஷ்டம். அவசரத்தில் கட்டிய கேஜில், வெல்டர் கைக்கு எட்டிய கீழ்ப்பக்கத்தை மட்டும் பற்றவைத்துவிட்டு மேல்பக்கத்தை அப்படியே விட்டிருப்பார். கீழேயிருந்து பார்த்தால் வரிசை வரிசையாக அழகான வெல்டிங் தெரியும். மேலே ஒன்றுமே இருக்காது. முறையாகக் கட்டுகிறவர்கள் தரையில் ஓட்டை போட்டுக் கேஜைக் கீழே இறக்கி, மேல் மூட்டுகளைச் சுற்றிலும் பற்றவைத்து, பிறகு தூக்கி நிறுத்தி அடித்தகடு போடுவார்கள். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, டார்ச்சைப் போட்டு, அந்த இடுக்கில் நுழைத்து எடுத்துப் பாருங்கள். விற்கிறவர் முகம் மாறினால் அதுவும் ஒரு தகவல்தான்.

அடுத்து, கேஜின் கால்கள் தரையில் உட்காரும் இடம். சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ தன் விதிகளில் மெயின் ஹூப்பும் முன் வளைவும் ஊன்றும் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனில், 120 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வலுத்தகடு கேட்கிறது. போல்ட் போட்ட கேஜ் என்றால் இந்தக் கால்களுக்குத் தலா மூன்று போல்ட்டாவது வேண்டும், அதுவும் 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 8.8 தரத்தில். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும், குனிந்து படித்துவிடலாம். குழாயைப் பொறுத்தவரை மெயின் ஹூப்புக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும், அல்லது 50க்கு 2. மற்ற குழாய்களுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. பற்றவைப்புத் தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாயாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை வளைத்துப் பெயின்ட் அடித்தாலும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். வெளிவிட்டத்தை வெர்னியரில் நீங்களே அளந்துவிடலாம். தடிமனுக்கு அல்ட்ராசோனிக் கருவி வேண்டும், இவ்வளவு ஃபவுண்டரிகள் உள்ள கோவையில் அதை வைத்திருப்பவரைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. ஒரு எச்சரிக்கை: இவை எஃப்ஐஏ பொது விதியின் அளவுகள். அனுமதி பெற்ற தயாரிப்பாளரின் கேஜ் வேறு அளவில் இருக்கலாம், அப்படியானால் அதற்குச் சான்றிதழ் இருக்கும். சான்றிதழும் இல்லை, அளவும் சேரவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஷெல்லுக்கு வருவோம். ரேஸ் கார் அடிபடாமல் இருக்காது, அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். எங்கே அடிபட்டது, எப்படிச் சரிசெய்தார்கள் என்பதுதான் கேள்வி. முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் அலைன்மென்ட்டிலேயே வரும். விரல் அகலத்துக்கு வித்தியாசம் வந்தால் சஸ்பென்ஷன் ஆர்ம் வளைந்திருக்கிறது, அல்லது அது மாட்டியிருக்கும் பாடியே நகர்ந்திருக்கிறது. பானெட்டைத் திறந்ததும் ஸ்ட்ரட் டவரின் (முன் சஸ்பென்ஷனின் மேல்முனை மாட்டும் இடம்) ஓரத்தில், தகடும் தகடும் சேரும் மூட்டைப் பாருங்கள். முடி மாதிரி ஒரு விரிசலும் அதன் ஓரத்தில் துருக் கோடும் தெரிந்தால் அந்த ஷெல் களைத்துவிட்டது. டிராக் ஓரத்துக் கெர்பு மேல் ஏறி ஏறி இறங்கும் காருக்கு அது வருவதுதான். புதுப் பெயின்ட்டை நான் எப்போதும் சந்தேகப்படுவேன். டிங்கரிங் செய்து பட்டி பார்த்த இடத்தில் காந்தம் ஒட்டாது, இது சாதாரணப் பழைய கார் வாங்கும் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். ரேஸ் காரில் அந்தக் காந்தத்தைக் கதவிலும் ஃபெண்டரிலும் வைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். சில்லிலும் (கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு), தரையிலும், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களிலும் வைத்துப் பாருங்கள்.

பாதுகாப்புச் சாமான்கள் விற்பனை விளம்பரத்தில் பெரிதாக வரும். "ரேசிங் சீட், ஆறு பாயின்ட் பெல்ட், எல்லாம் இம்போர்ட்டட்." எல்லாவற்றிலும் ஒரு லேபிள் தைத்திருப்பார்கள், அதில் தேதி இருக்கும். எஃப்ஐஏவின் 8855-1999 தர எண் போட்ட சீட்டுக்குத் தயாரித்த தேதியிலிருந்து 5 வருடம்தான் ஆயுள். 8853-2016 தரத்துப் பெல்ட்டில் எந்த வருடத்தோடு காலாவதி என்றே அச்சிட்டிருக்கும். அதற்கு முந்தைய தரத்துப் பெல்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதன் விலையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபிளையே வெட்டி எடுத்திருந்தாலும் பூஜ்யம்தான். அடிபட்ட காரிலிருந்து கழற்றிய பெல்ட்டை வேறு காரில் மாட்டும் பழக்கமும் உண்டு. பெல்ட் ஒருமுறைதான் உயிரைக் காப்பாற்றும், அந்த இழுப்பில் நாடா நீண்டுவிடும். தீயணைப்பானின் சர்வீஸ் தேதியையும் பாருங்கள். ஹெல்மெட்டை யாரிடமிருந்தும் பழையதாக வாங்காதீர்கள். பைக் ஹெல்மெட்டும் ஆகாது, அதன் உள்துணி தீயைத் தாங்காது. கார் பந்தயத்துக்கான ஸ்னெல் எஸ்ஏ வரிசையிலோ எஃப்ஐஏ தரத்திலோ புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

சரி, இப்போது என்ஜின். கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பது) செய்து "பாருங்க சார், ஃபுல்லா வருது" என்று காட்டுவார்கள். நல்லதுதான், ஆனால் ரேஸ் என்ஜினில் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் போட்டிருந்தால், என்ஜின் நன்றாக இருந்தாலும் கிராங்க் செய்யும்போது கம்ப்ரெஷன் குறைவாகக் காட்டும். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவியிருந்தால் அதிகமாகக் காட்டும். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் முக்கியம். அதைவிட லீக் டவுன் டெஸ்ட் நல்லது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் என்ஜின் பிரிக்கும் செலவை விலையில் கழியுங்கள். கசிகிற காற்று எங்கே கேட்கிறது என்று காதை வைத்துக் கேளுங்கள்: சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியைத் திறந்தால் கேட்கிறது என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது. உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்து வெயிலில் பிடித்தால் பேரிங்கின் கதை முழுக்கத் தெரிந்துவிடும். மினுமினுவென்று துகள் இருந்தால், இந்த என்ஜினுக்கு நீண்ட வளைவுகளில் எண்ணெய் கிடைக்காமல் போயிருக்கலாம். சாதாரண சம்ப்பில் (என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) வேகமான வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். ரேஸ் டயர் போட்டால் இது அதிகமாகும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடு போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். "புதுசாகக் கட்டியது" என்றால் கட்டியவர் பெயர், மாட்டிய சாமான்களின் பில், கட்டிய பிறகு எத்தனை ரேஸ் ஓடியது என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் என்ஜின் பழையது என்றே கணக்குப் போடுங்கள். எது எப்படி இருந்தாலும் டைமிங் பெல்ட்டை வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

கியர்பாக்ஸ், ஹப், பிரேக் இதெல்லாம் தேயும் சாமான், தேய்ந்துதான் இருக்கும். சூடான பிறகு மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது கிறீச்சென்றால் சின்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையம்) போய்விட்டது. சக்கர பேரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். மேல் ரப்பரில் பூ (வெட்டுப்பள்ளம்) நிறைய இருந்தாலும், பலமுறை சூடாகி ஆறிய ரேஸ் டயர் கல் மாதிரி ஆகிவிடும், நகத்தை அழுத்தினாலே தெரியும். "ஒரு செட் டயர் இலவசம்" என்பார்கள், பிராக்டிஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.

காகிதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் கேள்வி: இந்தக் கார் இந்த வருடம் எந்தக் கிளாஸில் (போட்டிப் பிரிவில்) ஓடும்? ஒரு காலத்தில் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கிரிட்டைத் திரும்பிப் பார்த்தால் எஸ்டீமாகத்தான் இருக்கும். இப்போது அப்படியில்லை. கிளாஸ் விதிகளை இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐயும் போட்டி நடத்துகிறவர்களும் அவ்வப்போது மாற்றுகிறார்கள். கேம், கார்புரேட்டர், எடை, கியர் விகிதம் இவற்றில் ஏதாவது ஒன்று விதியைத் தாண்டினால் நீங்கள் மேல் கிளாஸுக்குப் போய், உங்களைவிட வேகமான கார்களுக்குப் பின்னால் தனியாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். இந்த வருட விதிப்புத்தகத்தை வாங்கி, விற்கிறவரையே உட்காரவைத்து வரி வரியாகக் கேளுங்கள். எந்தக் கிளாஸில் கடைசியாக ஓடியது, அதன் ரிசல்ட் ஷீட் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, ஆர்சி. கேஜ் போட்டு, சீட்டெல்லாம் பிடுங்கிய காரை ரோட்டில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, பதிவின்போது இருந்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆனால் பல ரேஸ் கார்களின் ஆர்சி இன்னும் யாரோ ஒருவர் பெயரில் உயிரோடு இருக்கும், சிலவற்றில் வங்கிக் கடன்கூட நீக்காமல் இருக்கும். ஆர்சி உயிரோடு இருந்தால் படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், கடன் பதிவு இருந்தால் படிவம் 35ம் வேண்டும். ரத்து செய்தாகிவிட்டது என்றால் ஆர்டிஓ கொடுத்த கடிதத்தின் நகலை வாங்குங்கள். சேஸிஸ் நம்பர் பொறித்த தகடு கேஜ் போடும்போது அறுபட்டிருக்கிறதா, வேறு பாடியிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். திருட்டு வண்டிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இன்ஷூரன்ஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம், நம் ஊர் சாதாரண மோட்டார் பாலிசிகள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன. டிராக்கில் உடைந்தால் உங்கள் கைக்காசு.

இனி விலை. நாலரை லட்சம் சரியா என்று என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் இந்தச் சந்தைக்கு விலைப்பட்டியல் கிடையாது. ஒன்று மட்டும் நிச்சயம்: ரேஸ் காரைக் கட்டச் செலவழித்த பணம் விற்கும்போது திரும்ப வராது. அதனால் நல்ல கேஜும் நேரான ஷெல்லும் உள்ள பழைய காரை வாங்குவது, புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிடப் பெரும்பாலும் மலிவு. உங்கள் மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் கார் விலைக்குக் கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. மீதி எங்கே போகும் என்றால், டயர், பிரேக் பேட், பெட்ரோல், என்ட்ரி ஃபீஸ், லைசென்ஸ், மெக்கானிக் கூலி, புது பெல்ட், ஹெல்மெட், சூட். அப்புறம் வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் செலவு. செட்டிபாளையத்தில் இருக்கும் கரி டிராக் உங்களுக்குப் பக்கம். ஆனால் பெரிய ரவுண்டுகளுக்கு இருங்காட்டுக்கோட்டை போக வேண்டும், போக வர ஆயிரம் கிலோமீட்டர் ஃப்ளாட்பெட் லாரி வாடகை. இதைக் கணக்கில் சேர்க்காமல் வாங்கியவர்களின் கார்கள்தான் இரண்டே ரேஸ் ஓடிவிட்டு நீங்கள் பார்க்கும் விளம்பரங்களில் வந்து நிற்கின்றன.

உதிரி சாமான்கள் ஷெல்லுக்கு அடுத்தபடி முக்கியம். காரோடு இரண்டாவது கியர்பாக்ஸ், ஹப், ஆர்ம், டிரைவ் ஷாஃப்ட், இன்னொரு செட் வீல் வருகிறதா என்று கேளுங்கள். எஸ்டீமுக்குச் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் இன்னும் தேடினால் கிடைக்கிறது, ஆனால் சனிக்கிழமை குவாலிஃபையிங்கில் (தகுதிச் சுற்றில்) ஆர்ம் வளைந்தால் ஞாயிறு காலைக்குள் புதுப்பேட்டை போய்வர முடியாது. உதிரி இல்லாத காரைவிட, பத்தாயிரம் இருபதாயிரம் அதிகம் கொடுத்தாலும் ஒரு டெம்போ நிறைய சாமானோடு வரும் காரை எடுப்பேன்.

ஃபார்முலா கார் வாங்கலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊர் டிராக் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்தக் கரிவரதன்தான் 1980களின் கடைசியில் மாருதி என்ஜின் போட்ட மலிவான ஃபார்முலா காரைக் கொண்டுவந்து இந்த விளையாட்டை நடுத்தர வர்க்கத்துக்குத் திறந்துவிட்டார். எல்ஜிபி ஃபார்முலா கார்கள் அந்த வழியில் வந்தவைதான். ஓட்டக் கற்றுக்கொள்ள அதைவிட நல்லது இல்லை. ஆனால் பல கை மாறிய ஃபார்முலா காரின் குழாய்ச் சட்டத்தில் எத்தனை ஒட்டு இருக்கிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிப்பது உங்களால் ஆகாது, என்னாலும் பாதிதான் ஆகும். அந்த ஆசை இருந்தால் முதல் வருடம் ஏதாவது ஒரு டீமிடம் ரவுண்டுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓட்டுங்கள். உடைத்தால் யார் பொறுப்பு, எவ்வளவு வரை என்பதை எழுதி வாங்கிக்கொண்டு ஓட்டுங்கள்.

உங்கள் எஸ்டீமைப் பொறுத்தவரை, கேஜும் ஷெல்லும் காகிதமும் தேறினால், என்ஜினை எடுத்துவிட்டு வெறும் பாடியாகக் கொடுத்தாலும் என்ன தருவீர்கள் என்று யோசித்து, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துப் பேரத்தை ஆரம்பியுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு பிராக்டிஸ் நாளில் கரியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், டிராக் வாடகையை நீங்களே கொடுத்தாலும் பரவாயில்லை. நன்றாகச் சூடான பிறகு, வளைவில் ஆயில் பிரஷர் முள் விழுகிறதா என்று பார்க்க டாஷ்போர்டில் ஒரு கேமரா ஒட்டிவிடுங்கள். மெயின் ஹூப்பின் மேல் மூட்டு, கேஜின் நாலு கால்கள், இரண்டு ஸ்ட்ரட் டவர், சேஸிஸ் நம்பர், பெல்ட் லேபிள் இவற்றைப் பக்கத்திலிருந்து படமெடுத்து, சேஸிஸ் நம்பரில் கடைசி சில இலக்கங்களை மட்டும் மறைத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.